நாவல் எழுதுகிறவர் பிரெஞ்சு நாவலை மொழிபெயர்த்தால் என்ன நடக்கிறது?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: பிரெஞ்சும் தமிழும் நன்றாகத் தெரிந்த யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாமே, அதை ஒரு நாவலாசிரியர் செய்தால் அப்படி என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும்? நல்ல கேள்வி. பதில் சொல்ல ஒரு நாவலைப் பிரித்து உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். நாகரத்தினம் கிருஷ்ணா பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் வாழ்கிற தமிழ் எழுத்தாளர். 'நீலக்கடல்', 'மாத்தா ஹரி' போன்ற நாவல்களை எழுதியவர். அவரே ஃபிரான்சுவாஸ் சகானின் நாவலை 'வணக்கம் துயரமே' என்றும், மார்கெரித் துராஸின் நாவலைக் 'காதலன்' என்றும், லெ கிளேஸியோவின் முதல் நாவலைக் 'குற்ற விசாரணை' என்றும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 'நீலக்கடல்' மொரீசியஸ் தீவுக்குப் போன தமிழரைப் பற்றியது. 2008இல் நோபல் பரிசு பெற்ற லெ கிளேஸியோவின் குடும்பமும் மொரீசியஸ் வேர் உள்ளது. எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் ஒரே மனிதருக்குள் எப்படி ஒன்றையொன்று தேடிப் போகின்றன என்பதற்கு இந்தப் பொருத்தமே நல்ல சாட்சி.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1985 வரை சிவகங்கை நம் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சிவகங்கையில் பிறந்த சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், பிரெஞ்சு அறிந்தவர். விக்டர் ஹ்யூகோவின் பெருநாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கினார். 1950இல் அது திரைப்படமானபோது, ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஒரு பிரெஞ்சுப் பாத்திரத்தின் பெயர் தமிழ்நாட்டில் ஒரு மனிதருக்கு முன்பெயராக ஆனது என்றால் அந்தக் கதை இங்கே எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்!

இனி கேள்விக்கு வருவோம்.

கடலை மணந்தவன்

பியர் லோத்தி என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். கடற்படை அதிகாரி. 1886இல் அவர் வெளியிட்ட நாவலின் தலைப்பைத் தமிழில் 'ஐஸ்லாந்து மீனவன்' என்று சொல்லலாம். பிரான்ஸின் பிரெத்தான் கடற்கரையில் பேம்போல் என்ற ஊர். அங்கிருந்து பாய்மரக் கப்பல்களில் குளிர்காலக் கடைசியில் கிளம்பி, ஐஸ்லாந்துக் கடலில் மாதக்கணக்காகத் தூண்டில் போட்டுக் காட் மீன் பிடித்து, உப்பிட்டு, கோடை கழியும்போது திரும்புவார்கள். திரும்பாத கப்பல்களும் நிறைய. பேம்போலுக்குப் பக்கத்தில் ப்ளூபாஸ்லானெக் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில், கடலில் காணாமல் போனவர்களின் பெயர்ப் பலகைகளைப் பதித்த சுவர் ஒன்று இன்றும் இருக்கிறது. இந்தக் கதையைத் தங்கச்சிமடத்திலோ மூக்கையூரிலோ யாருக்காவது சொல்லிப் பாருங்கள், பாதிக்கு மேல் விளக்க வேண்டியே இருக்காது. ஆண்கள் கடலுக்குப் போவது, பெண்கள் கரையில் நின்று கப்பல் எண்ணுவது, வராத ஒன்றைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசாமல் இருப்பது எல்லாம் இங்கே தெரிந்த சங்கதி.

அதனால் இந்த நாவலை நம் கரைக்குக் கொண்டுவருவது சுலபம் என்று தோன்றும். உண்மையில் மிகக் கடினமான இடம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதல் அத்தியாயம் 'மரீ', அதாவது மரியாள், என்ற கப்பலின் கீழறையில் நடக்கிறது. சுவரில் மாதா சிலை. மாலுமிகள் குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார்கள். யான் என்ற வாட்டசாட்டமான இளைஞனிடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். ஊர்ப் பெண் எவளையும் கட்டப் போவதில்லை, கடலைத்தான் கட்டப் போகிறேன், விருந்துக்கு எல்லோரும் வாருங்கள் என்று அவன் விளையாட்டாகச் சொல்கிறான். நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்த விளையாட்டுப் பேச்சு உண்மையாகிவிடுகிறது. ஐஸ்லாந்துக்கு அப்பால் ஓர் ஆகஸ்ட் இரவில் அவனுக்கும் கடலுக்கும் திருமணம் நடந்ததாக லோத்தி எழுதுகிறார். அதோடு நிறுத்தவில்லை. முன்பு அவனுக்குப் பாலூட்டிய செவிலியும் அந்தக் கடல்தான், தொட்டிலாட்டி வளர்த்து ஆளாக்கியதும் அதுதான், பிறகு தனக்கே தனக்கென்று எடுத்துக்கொண்டதும் அதுதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

பிரெஞ்சில் கடல் என்பது பெண்பால் பெயர்ச்சொல். 'அவள்' என்று பொருள்படும் சொல்லால்தான் அதைச் சுட்ட முடியும். ஆகவே கடல் அங்கே முதல் பக்கத்திலிருந்தே சத்தமில்லாமல் ஒரு பெண்ணாக உலவிக்கொண்டிருக்கிறது. தமிழில் கடல் அஃறிணை, 'அது'. சரி, நம் கடற்கரையில் கடலை யாரும் 'அது' என்று விட்டுவிடுவதில்லையே என்பீர்கள். உண்மை. நம் ஆட்கள் கடலம்மா என்கிறார்கள், கடல்தாய் என்கிறார்கள். இங்கேதான் சிக்கல். நமக்குக் கடல் பெண்தான், ஆனால் தாய். தாயை மகன் மணப்பதாக ஒரு வரி வந்தால் பாம்பன் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அப்படி மூடினால் அவர்மேல் தப்பில்லை.

மொழி மட்டும் தெரிந்தவர் இந்தக் கடைசிப் பக்கத்துக்கு வரும்போதுதான் சிக்கலைப் பார்ப்பார். அப்போது இருநூறு பக்கத்துக்கு மேல் தமிழாகிவிட்டிருக்கும். அதற்குள் புயல் வந்த இடங்களிலெல்லாம் 'கடலன்னை சீறினாள்' என்று அழகாக எழுதியும் வைத்திருப்பார். நாவல் எழுதிப் பழகியவர் முதல் அத்தியாயத்து விளையாட்டுப் பேச்சிலேயே நின்றுவிடுவார். இது சும்மா சொன்னது இல்லை, கடைசியில் அறுவடை செய்வதற்காக விதைத்தது என்பது அவர் கைக்குத் தெரியும். தன் நாவல்களில் அவரே இப்படி விதைத்துப் பார்த்திருப்பார். அதனால் முழு நாவலிலும் கடலோடு 'தாய்', 'அன்னை', 'அம்மா' என்ற சொல் எதுவும் சேராமல் பார்த்துக்கொள்வார். தாயின் இடத்தில் கப்பலின் பெயரிலும் சுவரிலும் மாதா ஏற்கெனவே இருக்கிறாள், அங்கேயே இருக்கட்டும். செவிலி என்றால் செவிலித்தாய் நினைவுக்கு வந்துவிடும் என்பதால் கடைசிப் பக்கத்தில் 'அவனை வளர்த்தவள்' என்று வைக்கலாம். இடையிடையே, வாசகருக்கு உறுத்தாத இடங்களில், கடலை 'அவள்' என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழக்கியும் வைக்கலாம்.

நாவலாசிரியர் மொழிபெயர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு வரியைத் தமிழாக்கும்போது அந்த வரி நூறு பக்கம் தள்ளி என்ன வேலை செய்யப் போகிறது என்பதையும் சேர்த்தே அவர் பார்க்கிறார். அகராதி வரிக்கு வரி உதவும். முழுப் புத்தகத்தின் கணக்கை அது தராது.

தொழிற்சொல் வேறு, ஊர்ப்பேச்சு வேறு

இதே நாவலில் இன்னொரு கேள்வி. பிரெத்தான் மீனவர்கள் தமிழில் எப்படிப் பேச வேண்டும்? நம் மீனவர் பேச்சையே கொடுத்துவிட்டால் உயிரோட்டமாக இருக்குமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். யான் வந்து 'அவுக வந்தாகளா' என்று கேட்டால் படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் பேம்போல் காணாமல் போய் மண்டபம் வந்துவிடும். வாசகர் தன் ஊரையே மறுபடி படிப்பார். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: பேச்சில் எழுத்துநடையின் விறைப்பு இருக்கக் கூடாது, ஆனால் எந்த ஊரின் முத்திரையும் தெரியக் கூடாது.

தொழிற்சொற்கள் விஷயம் நேர்மாறானது. கப்பலின் முன்பக்கத்துக்கு அணியம் என்ற சொல் நம் கரையில் தினமும் புழங்குகிறது. பருமல், சுக்கான், நங்கூரம், பாய்மரம் எல்லாம் வேலை செய்கிற கைகளிலிருந்து வந்த சொற்கள். இவற்றை விட்டுவிட்டு 'கப்பலின் முனைப்பகுதி', 'பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டை' என்று எழுதுவது கடலே பார்க்காதவர் எழுத்து. எந்த நாட்டுக் கப்பலுக்கும் அணியம் அணியம்தான். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

காற்றில் மட்டும் கவனம் வேண்டும். மேற்கிலிருந்து வீசுவதைக் கச்சான் என்கிறோம், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இந்தப் பெயர்களில் திசை மட்டும் இல்லை, பருவமும் இருக்கிறது. கச்சான் என்றதும் நமக்குக் கோடையின் வறண்ட காற்றும் கொந்தளிக்கும் கடலும் நினைவில் எழுகின்றன. ஐஸ்லாந்தின் பனிக்காற்றுக்கு அந்தப் பெயரைப் போட்டால் வாசகருக்கு வியர்த்துவிடும். அங்கே 'மேற்கிலிருந்து வந்த காற்று' போதும். அதேபோல் காட் மீனைக் காட் மீன் என்றே விட வேண்டும். தெரிந்த மீனாக இருக்கட்டும் என்று களவா மீனாக மாற்றக் கூடாது. களவா ஐஸ்லாந்தில் கிடைக்காது.

ஹ்யூகோவின் இன்னொரு நாவலிலும் இதுபோல ஓர் இடம். பிரான்ஸை விட்டு வெளியேறி கெர்ன்ஸி தீவில் இருந்தபோது அவர் எழுதி 1866இல் வெளியான கடல் நாவலில், கில்லியாத் என்ற மனிதன் பாறை இடுக்கில் ஓர் எண்காலியோடு மல்லுக்கட்டுகிறான். பாரிஸ் வாசகர்கள் அந்த உயிரினத்தைப் படித்து மிரண்டுபோனார்கள். நம் கரையிலோ அதற்குப் பேய்க்கணவாய் என்று பெயர். பிடித்து விற்கிற சரக்கு. பெயரைச் சொன்ன உடனே பயம் வராது. மொழிபெயர்ப்பாளர் இதற்காகப் பூச்சாண்டிப் பெயர் எதையும் புதிதாக உருவாக்கத் தேவையில்லை. ஊர்ப்பெயரையே வைத்துவிட்டு, ஹ்யூகோ பக்கம் பக்கமாக வளர்த்துக்கொண்டு போகும் வர்ணனையை அதன் வேகம் குறையாமல் தமிழில் கொடுத்தால் போதும். தினமும் பார்த்த ஒன்று இப்படிப் பயங்கரமானதா என்ற திகைப்பு பாரிஸ் வாசகருக்குக் கிடைக்காத கூடுதல் அனுபவம்.

நீயா, நீங்களா, அவளா, அவரா

ஆங்கிலம் வழியாக வந்த பிரெஞ்சு நாவலுக்கும் நேரடியாக வந்ததற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது உரையாடலைத்தான். பிரெஞ்சில் எதிரில் இருப்பவரைச் சுட்ட இரண்டு சொற்கள்: நெருக்கத்துக்கு 'த்யூ', மரியாதைக்கும் தூரத்துக்கும் 'வூ'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் நீ, நீங்கள் இருக்கின்றன. இரண்டு பேர் பல நாள் 'வூ' போட்டுப் பேசிவிட்டு ஒருநாள் திடீரென்று 'த்யூ'வுக்கு மாறினால், பிரெஞ்சு நாவலில் அது ஒரு காதல் அறிக்கைக்குச் சமம். ஆங்கிலம் வழியாக வருகிறவருக்கு அந்த மாற்றமே தெரியாது, தானாக ஊகித்து ஓர் இடத்தில் நீங்களை நீயாக்குவார். நேரடியாக வருகிறவர் மூலம் காட்டும் அதே வரியில் மாற்றுவார்.

ஆனாலும் இது சொல்லுக்குச் சொல் வைக்கும் காரியம் இல்லை. பிரெஞ்சு மனைவி கணவனைத் 'த்யூ' என்பாள். தமிழில் 'நீ' போட்டால், கீழக்கரையிலோ ராமநாதபுரம் நகரத்திலோ உள்ள மூத்த வாசகருக்கு அது சண்டைக்காரப் பேச்சாகப் படலாம். 'நீங்க' போட்டால் அவர்களுக்கு இடையே இருக்கும் சமநிலை கெட்டுவிடும். என்னைக் கேட்டால் 'நீ'தான் சரி. நம் கடலோரக் குடும்பங்களிலேயே புருஷனை 'நீ' என்று கூப்பிட்டு நிறைந்த அன்போடு பேசும் பெண்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். தமிழுக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை. அச்சில்தான் நாம் கூச்சப்படுகிறோம்.

இதைவிடக் கடினமானது படர்க்கை. எதிரில் இல்லாத ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப் பிரெஞ்சில் ஒரே சொல்தான், 'எல்'. மகாராணிக்கும் மீன்காரிக்கும் அதே 'எல்'. தமிழில் அவள், அவர் என்று இரண்டு. நம் பக்கத்துப் பேச்சில் 'அவுக'வும் சேர்த்து மூன்று. அதனால் பிரெஞ்சு நாவலில் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும், ஒவ்வொரு ஆணுக்கும் கூட, மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எழுதியாக வேண்டும். கதை சொல்கிறவர் இந்த மனிதரை எவ்வளவு மதிக்கிறார்? எவ்வளவு கிட்ட நின்று பார்க்கிறார்? ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' அம்மாவின் இறப்போடு தொடங்குகிறது. அந்த முதல் வரியிலேயே 'இறந்துவிட்டாள்' என்பதா 'இறந்துவிட்டார்' என்பதா என்று தீர்மானிக்க வேண்டும். முதலாவதில் மகன் அம்மாவோடு ஒட்டி நிற்கிறான். இரண்டாவதில் ஊரார் முன்னால் நிற்கிறான். நாவலின் இரண்டாம் பகுதியில் அவன்மேல் நடக்கப்போகும் விசாரணையே அம்மாவிடம் அவனுக்குப் பாசம் இருந்ததா என்பதைச் சுற்றித்தான். அப்படியானால் ஒரு வினைமுற்று விகுதிக்கு எவ்வளவு கனம் பாருங்கள்.

துராஸின் 1984ஆம் ஆண்டு நாவலான 'காதலன்' இதில் இன்னொரு படி மேலே போகிறது. வயதான பெண் ஒருத்தி, மெக்கோங் ஆற்றைப் படகில் கடந்த பதினைந்தரை வயதுப் பெண்ணாகத் தன்னை நினைத்துப் பார்க்கிறாள். ஒரு பத்தியில் 'நான்' என்கிறாள். அடுத்த பத்தியில் அதே தன்னை 'அவள்' என்கிறாள், யாரோ ஒரு பெண்ணைத் தூரத்தில் நின்று பார்ப்பதுபோல. தமிழில் வினைமுற்றும் சேர்ந்து மாறும்: நின்றேன், நின்றாள். இடம் மாறுவது மூலத்தைவிட உரக்கக் கேட்கும். இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சில் 'நான்' என்ற சொல் இல்லாமல் வாக்கியமே அமையாது. தமிழில் 'நின்றேன்' என்றாலே போதும். ஒவ்வொரு இடத்திலும் 'நான்' வைத்தால் தற்பெருமைக்காரி பேசுவதுபோல் ஆகிவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தன்னைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிவாதம் போய்விடும். எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்பதற்கு விதி கிடையாது. காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது நாவல் எழுதி எழுதி வருவது.

வாக்கியத்தின் நடை

பிரெஞ்சு வாக்கியத்தில் வினை முன்னால் வந்துவிடும். விவரங்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும். தமிழில் விவரங்கள் முன்னால் நின்று, வினை கடைசியில் வந்து கதவைச் சாத்தும். ஓர் உதாரணம் நானே அமைக்கிறேன். மூலத்தில் பார்வை முதலில் தூரத்துக்குப் போகிறது, பிறகு ஒரு பாய் தெரிகிறது, பிறகு அது சாய்ந்திருப்பது தெரிகிறது, கடைசியில்தான் அது கரையை விட்டு விலகிப் போகிறது என்பது புரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கணப்படி தமிழாக்கினால், 'கரையை விட்டு விலகிச் சாய்ந்தபடி தூரத்தில் போகும் பாய் ஒன்றை அவள் பார்த்தாள்' என்று வரும். பொருள் முழுதாக இருக்கிறது. ஆனால் கடைசியில் தெரிய வேண்டியது முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அவள் நெஞ்சு திக்கென்று அடிக்கும் இடம் போய்விட்டது. நாவலாசிரியர் இப்படி உடைப்பார்: 'அவள் தூரத்தைப் பார்த்தாள். ஒரு பாய் தெரிந்தது. சாய்ந்திருந்தது. கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.' இலக்கணம் மாறிவிட்டது, கண் போன வழி மாறவில்லை. எதைக் காப்பாற்றுவது என்று கேட்டால், கண் போன வழியை என்றுதான் சொல்வேன்.

உடைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. மார்செல் ப்ரூஸ்ட் வேண்டுமென்றே அரைப்பக்க வாக்கியம் எழுதுகிறவர். அவரைத் துண்டு துண்டாக வெட்டினால் ப்ரூஸ்ட் இருக்க மாட்டார். காம்யு நேர்மாறு. 1942இல் வந்த 'அந்நியன்' நாவலில் கதைசொல்லலுக்கென்று பிரெஞ்சு எழுத்தாளர்கள் வைத்திருந்த இலக்கிய இறந்தகாலத்தை விலக்கிவிட்டு, மக்கள் பேச்சில் பயன்படுத்தும் இறந்தகாலத்தில் பெரும்பகுதியை எழுதினார். அந்த நாவலின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தீவு என்று பிரெஞ்சுத் தத்துவ எழுத்தாளர் சார்த்ர் சொன்னார். மன்னார் வளைகுடாவில் தீவுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும்: பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. தமிழுக்கோ ஒட்டவைப்பதுதான் இயல்பு. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்து நின்றேன்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது நமக்குத் தன்னால் வரும். அப்படிக் கோத்தால் செயல்களுக்கிடையே ஒரு காரணமும் நோக்கமும் வந்துவிடும். காம்யுவின் நாயகனிடம் இல்லாதது அந்த நோக்கம்தான். 'எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன்.' தமிழ்க்காதுக்கு இது கொஞ்சம் கரடாக இருந்தாலும் அப்படியே விட வேண்டும். 1980இல் 'அந்நியன்' நாவலை நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து தந்த வெ. ஸ்ரீராமை இன்றும் நாம் நன்றியோடு நினைப்பது இதனால்தான். அவர் நாவலாசிரியர் அல்ல. ஆனாலும் அந்தக் காது அவருக்கு இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஃப்ளோபேரைப் பற்றி ஒரு வார்த்தை. 1857இல் நூலாக வந்த 'மதாம் பொவாரி'யில், பாத்திரம் நினைப்பதை 'என்று நினைத்தாள்' என்ற ஒட்டு இல்லாமல் கதைசொல்லியின் குரலிலேயே கலந்துவிடுவார். தமிழில் 'என்று' என்ற சொல்லை எடுத்தால் இது நடந்துவிடும். 'நாளை அவன் வருவான் என்று அவள் நினைத்தாள்' என்பது தகவல். 'அவள் கதவைச் சாத்தினாள். நாளைக்கு வந்துவிடுவான். வராமல் எங்கே போவான்.' இதில் அவள் மனசுக்குள்ளேயே நாம் போய்விடுகிறோம்.

தன் குரலை அடக்குவது

இவ்வளவு நன்மை இருக்கும் இடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நாவலாசிரியருக்குத் தனக்கென்று ஒரு நடை உண்டு. அடுத்தவர் வாக்கியம் கைக்கு வரும்போது அதைத் தன் நடையில் திருத்திவிடும் ஆசை எழும். பிரெஞ்சு நாவலாசிரியர் மார்கெரித் யூர்செனார் 1937இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'அலைகள்' நாவலைப் பிரெஞ்சாக்கினார். அழகான பிரெஞ்சு, ஆனால் வுல்ஃபைவிட யூர்செனார்தான் அதிகம் கேட்கிறார் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. தமிழிலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன. எந்த ஆசிரியரைத் தமிழாக்கினாலும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கும். வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கும். எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. சகானின் பதினெட்டு வயதுத் துடுக்கும் துராஸின் முதுமைத் தயக்கமும் ஒரே தமிழில் வந்தால் இரண்டு பேரையும் நாம் சந்திக்கவில்லை என்றே பொருள்.

மறுபுறம், அடங்கிப் பழகுவதால் எழுத்தாளருக்குப் பெரும் ஆதாயம். ப்ரூஸ்ட் தன் பெரிய நாவலைத் தொடங்குவதற்கு முன் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் இரண்டு நூல்களைப் பிரெஞ்சாக்கி 1904இலும் 1906இலும் வெளியிட்டார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அம்மாதான் சொல்லுக்குச் சொல் ஒரு முதல் வரைவு செய்து கொடுத்தார். அந்த வரைவை எடுத்து ஆண்டுக்கணக்கில் செதுக்கினார். அவர் எழுதிய முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் வளர்ந்துகொண்டே போய், வாசிப்பு என்றால் என்ன, நினைவு என்றால் என்ன என்று அவரே யோசிக்கும் இடங்களாகிவிட்டன. 1913இல் அவருடைய நாவலின் முதல் பாகம் வந்தபோது அந்த யோசனைகள் அதற்குள் இருந்தன.

வேலையின் நடைமுறைப் பக்கம் சுருக்கமாக. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் பதிப்புரிமை முடிகிறது. 1923இல் மறைந்த லோத்தியையும் அவருக்கும் முந்திய ஹ்யூகோ, ஃப்ளோபேரையும் யாரும் மொழிபெயர்க்கலாம். சகான், துராஸ், லெ கிளேஸியோ போன்றோருக்குப் பிரெஞ்சுப் பதிப்பாளரிடம் உரிமை வாங்க வேண்டும். அதற்கும் அச்சுச் செலவுக்கும் உதவ, பிரெஞ்சு அரசின் சார்பில் இந்தியாவில் தாகூர் பெயரில் ஒரு பதிப்புதவித் திட்டம் இருக்கிறது. தெற்குப் பிரான்ஸில் ஆர்ல் நகரத்தில் இலக்கிய மொழிபெயர்ப்பாளர்கள் தங்கி வேலை செய்ய ஓர் இல்லமும் உண்டு. நம் பிள்ளைகளில் யாராவது ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'நீலக்கடல்' படியுங்கள், உடனே 'காதலன்' படியுங்கள். ஒரே மனிதரின் கையிலிருந்து வந்த இரண்டு தமிழும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். பிறகு 'காதலன்' புத்தகத்தில் ஏதாவது பத்துப் பக்கத்தை எடுத்து, 'நான்' என்ற சொல் வரும் இடங்களை ஒரு நிறத்திலும், சொல் இல்லாமல் விகுதி மட்டும் வரும் இடங்களை இன்னொரு நிறத்திலும், 'அவள்' ஆக மாறும் இடங்களை மூன்றாவது நிறத்திலும் கோடிட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கங்களை வைத்தே பேசுவோம்.